ரப்பர் வாஷர்

எட்வின் சாருடைய இஞ்சின் ஓடவே ஓடாது என்று யாராவது சொன்னால் அது பொய். ஓடும். கயிற்றைச் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தால் இருமும், தும்மும், பிறகு டொக்கு டொக்கென்று ஓட ஆரம்பித்துவிடும். பித்தளையும் இரும்புமாக, ஒரு குக்கர் அளவுக்குத்தான் இருக்கும் அது. இரண்டு பக்கமும் சக்கரம், நடுவே ஒரு குட்டி சிலிண்டர், அடியில் பெட்ரோல் டேங்க். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் ஓடும். அப்புறம் ஏதோ யோசனை வந்த மாதிரி தயங்கும். நின்றுவிடும்.

"நின்னுடுச்சா?" என்று கேட்பதில் சேவியர்ராஜுக்கு இருந்த சந்தோஷம் கிறிஸ்மஸ் பிரியாணியில்கூட இருந்ததில்லை.

சேவியர்ராஜ் எட்வினுடைய மனைவி ஜெனிபரின் அண்ணன். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல் வெட்டுகிற மெஷின், பம்ப்செட் இஞ்சின் எல்லாம் அங்கே பழுதுக்கு வரும். கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போட்டவன் எவனும் தன் கடைப் படி ஏறாமல் வெள்ளாமை எடுத்ததில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். எட்வின் சார் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரம் முழுக்க மலையில் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்துக் கீழே இறங்குவார். இறங்கியதும் மனைவியிடம் நாலு வார்த்தை பேசுவாரோ இல்லையோ, வீட்டின் பின்பக்க அறைக்குள் நுழைந்துவிடுவார். அங்கே உலோகம் கடைகிற ஒரு சின்ன லேத் மெஷின். இன்டர்நெட்டிலிருந்து எடுத்த வரைபடங்கள் சுவர் முழுக்க. மற்ற வாத்தியார்கள் மனை வாங்கினார்கள், டியூஷன் எடுத்தார்கள், சங்கத் தேர்தலில் நின்றார்கள். இவர் இரண்டு வருஷமாக உட்கார்ந்து பித்தளையைச் சீவிக்கொண்டிருந்தார்.

"பொம்ம இஞ்சினு," என்பான் சேவியர்ராஜ் தன் மனைவி உபகாரமேரியிடம். "புல்லு வெட்டுமா? மருந்து அடிக்குமா? ஒண்ணியும் பண்ணாது. அதுக்கு ஒரு வாத்தியாரு, ஒரு லேத்து, தனியா ஒரு ரூமு. கேட்டா ஹாபியாம்."

இஞ்சினை முதன்முதலில் ஓட்டிக் காட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மலையிலிருந்து இரண்டு வாத்தியார்கள் என்று வாசல் நிறைய ஆட்கள். இஞ்சின் ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். எட்வின் சார் அதன் பிஸ்டனைப் பற்றி ஒரு பிரசங்கம் ஆரம்பித்தார். பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே இஞ்சின் படுத்துவிட்டது.

அவர் குனிந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டேங்க் மூடியைத் திருகித் திறந்தார். 'உஸ்'ஸென்று ஒரு சத்தம் வந்தது. கூட்டத்தில் யாருக்கும் அது காதில் ஏறவில்லை. சேவியர்ராஜுக்கு ஏறியது. அந்த நொடியே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

விளங்காமல் என்ன? அவன் கடைக்கு வருகிற புல் வெட்டும் மெஷினில் பாதிக்கு இதுதான் வியாதி. பெட்ரோல் செலவாகச் செலவாக, காலியான இடத்துக்கு வெளிக்காற்று வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் மண் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் காற்று போகாது, பெட்ரோல் வெளியே வராது, இஞ்சின் பட்டினியில் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் காற்று 'உஸ்'ஸென்று உள்ளே பாயும், மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். சேவியர்ராஜ் ஓர் ஊசியை எடுத்து அந்த ஓட்டையைக் குத்துவான். மெஷின் கொண்டுவந்தவன் வாயைப் பிளப்பான்.

எட்வின் சாருடைய மூடியில் ஓட்டையே இல்லை. போதாததற்கு உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வாஷர் வேறு. முன்பு ஓட்டை இருந்திருக்கிறது. வீடெல்லாம் பெட்ரோல் நாற்றம், சோற்றில்கூட வாடை அடிக்கிறது என்று ஜெனிபர் சண்டை பிடித்திருக்கிறாள். பொண்டாட்டி சொல் தட்டாத மனுஷர், வேறு மூடி கடைந்து, ரப்பர் வைத்து இறுக்கிவிட்டார். அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லவும் செய்தார்: "ஒரு சொட்டு வாசனை வெளிய வராது, பாருங்க." கணக்கில் முதுகலைப் பட்டம்!

இதில் இன்னொரு கூத்தும் இருந்தது. இஞ்சின் நிற்கிற ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் செய்கிற காரியம் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்ப்பது. அப்போதே காற்று உள்ளே போய், நோய் தீர்ந்துவிடும். அது தெரியாமல் மூடியை மறுபடி இறுக்கிவிட்டு, எதையாவது நோண்டுவார். கயிற்றை இழுத்தால் ஓடும். கடைசியாக எதை நோண்டினாரோ அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுவார். ஒரு வாரம் பிளக்கில் கரி என்றார். அடுத்த வாரம் வால்வு சரியாக உட்காரவில்லை என்று அதைத் தேய்த்தார். அப்புறம் பொறி கிளப்புகிற காயிலை மாற்றினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று உளுந்தூர்பேட்டை ஹைவேஸ் பங்க் வரைக்கும் போய் பெட்ரோல் வாங்கி வந்தார். வந்து ஊற்றினார், ஓடியது, நின்றது.

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சேவியர்ராஜ் சொல்லவில்லை.

காரணம் சின்னது. சின்னது என்பதால்தான் அத்தனை நாள் புழுத்துக்கொண்டிருந்தது. எட்வின் சார் வீடு கட்டிப் புதுமனை புகுந்தபோது, தன் தலைமையாசிரியரிடம் இவனைக் காட்டி, "மச்சான். இங்கயே சும்மா ஒரு கடை வெச்சிருக்காரு," என்று சொல்லிவிட்டார். சும்மா ஒரு கடை! அதோடு விட்டாரா? தன் பைக்கை ஒரு நாள்கூட மச்சான் கடைப் பக்கம் கொண்டுவந்ததில்லை. கள்ளக்குறிச்சி ஷோரூமில்தான் விடுவார். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய பையன். அங்கே போனால்தான் அவருக்குப் பைக் ஓடும்.

"கேக்கட்டும்," என்றான் சேவியர்ராஜ் அன்றைக்கு உபகாரமேரியிடம், விஷயத்தை முழுக்கச் சொல்லிச் சிரித்து முடித்த பிறகு. "மச்சான், இது ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியல, நீங்க பாருங்கன்னு ஒரு வார்த்த, அவரு வாயால கேக்கட்டும். அன்னைக்கு சொல்றேன்."

உபகாரமேரியும் அன்றைக்குச் சிரித்தாள்தான். நாத்தனார் புருஷன் அசடு வழிவதைக் கேட்க யாருக்குத்தான் கசக்கும்?

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. பூசை முடிந்ததும் கையில் ஒரு பொட்டலம் மிக்சரோடு தங்கை வீட்டுக்குப் போய்விடுவான். பின்பக்க அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, மிக்சரைக் கொறித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பான். எட்வின் சார் வியர்க்க விறுவிறுக்கக் கயிற்றை இழுப்பார். ஓடும். நிற்கும். மூடி 'உஸ்' என்னும். சேவியர்ராஜுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். கடலைப் பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான்.

அவர் கேட்கிற வழியாக இல்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், சும்மா குட்டையைக் குழப்பலாம் என்று இவனே வாயைத் திறந்தான்.

"கார்பரேட்டரா இருக்குமோ இன்னமோ, மாப்ள."

எட்வின் சார் நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா சொல்றீங்க மச்சான்?"

"எனக்கின்னா தெரியும்? நான் பாத்துகினு இருக்கிறது புல்லு வெட்டுற மிஷினு. தோணிச்சி, சொன்னேன்."

வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். புதிதாகக் கார்பரேட்டர் ஒன்றைப் பித்தளைத் துண்டிலிருந்து கடைய ஆரம்பித்தார். ஆயுத பூஜை லீவு முழுக்க அறையைவிட்டு வெளியே வரவில்லை. சேவியர்ராஜ் வீட்டுக்கு வந்து இதை நடித்துக் காட்டினான். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, எட்வின் சார் எப்படிப் பித்தளையை முறைக்கிறார் என்று. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. உபகாரமேரி சிரிக்கவில்லை.

"போதும். போயி சொல்லிட்டு வா," என்றாள்.

"கேக்கட்டும்டி."

லீவு முடிவதற்குள் லேத்தில் கை மாட்டியது. இடது கை ஆள்காட்டி விரலின் நுனி, நகத்தோடு போயிற்று.

ஜெனிபர் போன் செய்து அலறியபோது சேவியர்ராஜ் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். இதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். ஆட்டோவில் மாப்பிள்ளையைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வரைக்கும் போனவன் அவன்தான். அவன் சட்டையெல்லாம் ரத்தம். அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கட்டுப் போட்டு முடித்து வெளியே வந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டான். வாசகங்களைக்கூட மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டான்.

கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர் பேச்சுக் கொடுத்தார். "கூட வந்திருக்கிறது யாரு?"

"என் மச்சான் டாக்டர்," என்றார் எட்வின் சார், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன பண்றாரு?"

"கடை வெச்சிருக்காரு."

அவ்வளவுதான். என்ன கடை என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் விரல் இன்னும் வலித்துவிடுமா? மளிகைக் கடையா, முடிவெட்டுகிற கடையா, டாக்டர் எதையாவது நினைத்துக்கொள்ளட்டும். திறந்த வாயை சேவியர்ராஜ் மூடிக்கொண்டான். விரல் நுனி போன மனுஷன், வலியில் எதையோ சொன்னார் என்று விட்டுத்தொலைக்கிற புத்தி அவனுக்கு இல்லை. அற்பத்தனத்துக்கு அளவே கிடையாது. அது ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வரும்.

விரல் ஆறியது. புதுக் கார்பரேட்டரும் ஒருவழியாக முடிந்தது. ஓடியது, நின்றது.

கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் காலம் தொடங்கியதும் கோயிலில் குடில் போடுகிற பேச்சு வந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கில் குடில் என்றால் பெத்லகேம் எல்லாம் இல்லை, கல்வராயன் மலைதான். சாக்கைச் சிமெண்டில் முக்கி மலை செய்து, பச்சை அடித்து, உச்சியிலிருந்து ஓர் அருவி விழவைத்து, அடியில் கோமுகி அணை மாதிரி ஒரு தொட்டி கட்டி, அதன் கரையில் மாட்டுக்கொட்டகையும் குழந்தையேசுவும் வைப்பார்கள். அருவிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு கரண்ட் மோட்டார். போன வருஷம் பங்குச் சாமியார் குடிலை மந்திரிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய், அருவி பாதியில் நின்று, பக்கத்து ஊர்ப் பங்குக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எட்வின் சார் பூசை முடிந்ததும் எழுந்து நின்று, இந்த வருஷம் அருவி நிற்காது, தன் கையால் செய்த இஞ்சின் தண்ணீரை ஏற்றும் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டார். பின்வரிசையில் நின்ற சேவியர்ராஜ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்த வாரம் ஜெனிபர் அவன் கடைக்கு வந்தாள். கடைக்கு அவள் வருகிறவளே அல்ல.

"அண்ணா, இளைஞர் மன்றத்துப் பசங்க இவுருக்கு 'டீ டைம் சாரு'ன்னு பேரு வெச்சிருக்காங்களாம். ஒரு டீ குடிக்கிற நேரந்தான் ஓடுதுன்னு. ஸ்கூலு வரைக்கும் போயிடிச்சி. இவுரு ராத்திரி தூங்குறதே இல்ல. விரலு போனதுகூட எனக்குப் பெருசில்ல, எல்லாரு முன்னாடியும் அசிங்கப்பட்டாருன்னா தாங்கமாட்டாரு. நீ ஒரு தபா பாரேன். நீ தினம் பாக்குற வேலதான?"

"நான் இன்னாத்தக் கண்டேன்?" என்றான் சேவியர்ராஜ், ஒரு ஸ்பிரேயர் மூடியை ஊசியால் குத்திக்கொண்டே. "பத்தாவது பெயிலு. உன் வூட்டுக்காரரு கணக்குல புலி. அவுருக்கே தெரியாதது எனக்கு எங்கேர்ந்து தெரியும்?"

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். அவள் போன பிறகு அவனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. அதையும் அவர் மேலேயே தள்ளிவிட்டான். தான் வந்து கேட்காமல் பொண்டாட்டியை அனுப்புகிறார் பார், என்ன திமிர்!

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் வளாகத்தில் எள் போட்டால் எள் விழாது. சீரியல் லைட், ஸ்டார், கரோல் பாட்டு. குடிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையின் மேல் இஞ்சின். எட்வின் சார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கயிற்றைச் சுற்றி இழுத்தார். டொக்கு டொக்கென்று ஓடியது. மலை உச்சியிலிருந்து அருவி விழுந்தது. ஜனங்கள் "அடா!" என்றார்கள். சாமியார் அங்கி சரசரக்க வந்து ஜெபம் சொன்னார். தீர்த்தம் தெளிக்கக் கையைத் தூக்கினார்.

இஞ்சின் தயங்கியது. நின்றுவிட்டது. அருவி மெலிந்து, சொட்டி, அடங்கியது. இளைஞர் மன்றத்துப் பக்கமிருந்து ஒருவன், "சாரு, டீ முடிஞ்சிடிச்சி!" என்றான். குபீரென்று சிரிப்பு கிளம்பியது. சாமியாரே உதட்டைக் கடித்துக்கொண்டார். எட்வின் சார் முகத்தில் ரத்தமே இல்லை. ஜெனிபர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"சேவியரு, நீ பாரேம்பா!" என்று கத்தினார் கரும்பு விவசாயி காசிநாதன். "நம்மூரு மெக்கானிக்க வெச்சிகினு எதுக்கு முழிச்சிகினு நிக்கிறீங்க?"

கேட்டது எட்வின் சார் அல்ல. அவர் இன்னமும் கேட்கவில்லை. ஆனால் பங்கு மொத்தமும் திரும்பி சேவியர்ராஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய கூட்டம் அவன் கைவேலையைப் பார்க்க வாழ்க்கையில் இனி எப்போது கூடும்? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்தான்.

எட்வின் சார் வழக்கம்போல மூடியைத் திறக்கக் கையைக் கொண்டுபோனார். சேவியர்ராஜ் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இருங்க மாப்ள. எல்லாரும் கேளுங்க." மூடியைத் தானே திருகினான். சத்தம் வந்தது. "கேட்டீங்களா?" மூடியைக் கவிழ்த்து, நகத்தால் நெம்பி, அந்தக் கறுப்பு ரப்பரைப் பிய்த்து எடுத்தான். மூடியை லேசாகத் திருகி வைத்தான். ரப்பரை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டுப் புல்லில் எறிந்தான். "இப்ப இழுங்க."

இஞ்சின் ஓடியது. அருவி விழுந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். குழந்தையேசுவைக் கொண்டுவந்து வைத்தார்கள். கரோல் பாடினார்கள். பாட்டு முடிந்தது. ஜனங்கள் வரிசை கட்டிக் குடிலைப் பார்க்க நகர்ந்தார்கள். டீ குடிக்கிற நேரம் போய், பந்தி போட்டுச் சாப்பிடுகிற நேரமும் போய்விட்டது. இஞ்சின் ஒரு தரம்கூடத் தயங்கவில்லை.

"கை பட்டதும் ஓடுதே!" என்றார் காசிநாதன்.

சேவியர்ராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "இது இன்னா பெரிய கம்பசூத்திரமா? மொத நாளு, மூடியத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும். சத்தத்த வெச்சே சொல்லிடுவேன். காத்து போக வழியில்ல, அவ்ளோதான். பச்சப்புள்ள வேல." அவன் குரல் வரிசையின் கடைசி வரைக்கும் கேட்டது.

எட்வின் சார் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் முழுக்க இறங்கவில்லை.

"மொத நாளே தெரியுமா மச்சான்?"

"பின்ன?"

"எனக்குத் தெரியாமப் போச்சே." அவர் குரலில் கோபம் இல்லை, இருந்திருந்தால் சேவியர்ராஜ் சமாளித்திருப்பான். "உங்கள எத்தினியோ தபா கேக்கணும்னு நெனச்சேன். நீங்க வாரா வாரம் வந்து பாத்துகினுதான இருந்தீங்க? தெரிஞ்சா சொல்லியிருப்பீங்களே, உங்களுக்கும் புரியல போலன்னு நெனச்சிட்டேன். நீங்க கார்பரேட்டர்னு சொன்னதுகூட சரியா வரல. நாலு பேரு உங்க கடைய நம்பி வர்றாங்க. அவுங்க காதுல விழுற மாதிரி தெரியாததக் கேட்டு உங்கள சங்கடப்படுத்த வேணாம்னுதான் கேக்கல."

இஞ்சின் டொக்கு டொக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்று தொலைத்தால்கூட நன்றாக இருக்கும் போலிருந்தது சேவியர்ராஜுக்கு.

ஜெனிபர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கடையில் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் முகத்தில் தெரிந்தது. புருஷனுடைய இடது கையைப் பிடித்துத் தூக்கி, நுனியில்லாத அந்த விரலை அண்ணன் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"இந்த விரலு போறதுக்கு முன்னாடி தெரியுமா, பின்னாடி தெரியுமா? அத மட்டும் சொல்லு."

அவன் காசிநாதனைப் பார்த்தான். சாமியாரைப் பார்த்தான்.

"முன்னாடியே தெரியும்," என்றாள் உபகாரமேரி, அவனுக்குப் பின்னாலிருந்து. "எனக்கும் தெரியும்."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், குடிலை மறைக்காமல் கொஞ்சம் நகரச் சொன்னார். சேவியர்ராஜ் நகர்ந்தான்.